சிக்கு, சிடுக்கு, பிணையல்



திருவரங்கம் சாத்தார வீதியில் விடியும் முன்பே பூ வியாபாரம் தொடங்கிவிடுகிறது. மூட்டைகள் வந்து இறங்குகின்றன, விலை பேசும் சத்தம் உயர்கிறது. சுவரோரமாக ஓர் அம்மாள் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருக்கிறார். மடியில் ஈரத்துணி, அதற்குள் வாழைநார். நாரை நகத்தால் கிழித்து மெல்லிய இழையாக்கிக்கொள்கிறார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம் பார்க்க, இரண்டு மொட்டு எதிர்ப்பக்கம் பார்க்க வைக்கிறார். காம்புகள் சேரும் இடத்தில் நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு கண்ணி வாங்கி, காம்புக்குள் மாட்டி இழுக்கிறார். ஒரு கட்டு விழுந்துவிட்டது. கண் விரலைப் பார்ப்பதே இல்லை. வாய் பக்கத்துக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருக்க, சரம் தானாக நீண்டுகொண்டே போகிறது. முழங்கையில் வைத்து அளந்தால் முழம் கணக்குச் சரியாக வரும்.

திடீரென்று கை நின்றுவிடுகிறது. மடியில் இருந்த நார்கள் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. “சிக்கு விழுந்துடுச்சு” என்கிறார் அம்மாள்.

நார் செய்த வேலை இரண்டு இடத்திலும் ஒன்றேதான். வளைந்து, மேலே ஏறி, கீழே புகுந்து, வெளியே வந்திருக்கிறது. கை அறிந்து செய்தபோது அதற்குக் கட்டு என்று பெயர், தானாக நேர்ந்தபோது சிக்கு என்று பெயர். இன்று இந்த அவையில் எடுத்துக்கொண்ட பொருள் ஓர் ஆங்கிலச் சொல், ‘டேங்கிள்’. அது எங்கிருந்து வந்தது, எப்படிப் புழங்குகிறது, அதைத் தமிழில் சொல்ல வரும்போது என்ன நேர்கிறது என்பதைப் பார்க்க, அகராதிக்கு முன்னால் இந்த அம்மாளின் மடியைப் பார்ப்பது நல்லது.

‘டேங்கிள்’ 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் எழுத்தில் காணப்படுகிறது. அப்போது அதன் பொருள், ஓர் ஆளைத் தொல்லையில் மாட்டிவிடுவது. நூல், மயிர், கயிறு என்று அந்தச் சொல் கையால் தொடும் பொருள்களுக்கு வந்தது அதற்கும் பிறகுதான். சொல்லின் வேரைத் தேடினவர்கள் ஸ்காண்டிநேவிய மொழிகளுக்குப் போகிறார்கள். பழைய நார்ஸ் மொழியில் கடற்பாசிக்கு ஏறத்தாழ இதே ஒலியுள்ள ஒரு சொல் உண்டு. ஸ்காட்லாந்தின் வடகரையிலும் தீவுகளிலும் தடித்த தண்டுள்ள ஒரு வகைக் கடற்பாசிக்கே ‘டேங்கிள்’ என்று பெயர். துடுப்பில் சுற்றும், வலையில் ஏறும், நீந்துகிறவன் காலைப் பிடிக்கும் பாசி அது. வினைச்சொல் இந்தப் பாசியிலிருந்து வந்ததா, இரண்டும் ஒரே வேரின் கிளைகளா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் அந்தச் சொல்லின் குணத்தைப் புரிந்துகொள்ளக் கடற்பாசியைவிட நல்ல உவமை கிடைக்காது. அது யாரும் பின்னாமல் தானே பின்னிக்கொள்வது, இழுக்க இழுக்க இறுகுவது.

அதனால் ஆங்கிலத்தில் ‘டேங்கிள்’ என்றாலே அவிழ்க்கப்பட வேண்டியது என்ற எண்ணம் கூடவே வருகிறது. தலைமுடிக்கு ஆகும், கம்பளி நூலுக்கு ஆகும், காட்டுக்கொடிக்கு ஆகும். ஒருவரோடு ‘டேங்கிள்’ ஆவது என்றால் வம்பில் இறங்குவது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்கு முன்னால் போட்ட முள்கம்பிச் சுருள்களுக்கும் இதே குடும்பத்துச் சொல்தான். ‘ரெக்டாங்கிள்’ என்பதில் வரும் ஒலி மட்டும் தற்செயல். அது லத்தீனில் கோணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, பாசிக்கும் அதற்கும் உறவில்லை.

இதே தெருவில் ‘ரேவல்’ என்று இன்னொரு ஆங்கிலச் சொல் குடியிருக்கிறது. டச்சு மொழியிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. நூல் சிக்கிக்கொள்வதும் ‘ரேவல்’தான், சிக்கிய நூலைப் பிரிப்பதும் ‘ரேவல்’தான். மாணவர்கள் இதைக் கேட்டால் ஆங்கிலம் தாறுமாறான மொழி என்று நினைப்பார்கள். துணி நெய்கிறவர் கண்ணால் பார்த்தால் இதில் முரண்பாடே இல்லை. ஓரம் பிரிந்த துணியில் நெசவு அவிழ்கிறது. அவிழ்ந்த இழைகளோ அந்தக் கணமே ஒன்றோடொன்று சுற்றிக்கொள்கின்றன. ஒரே நிகழ்ச்சியைத் துணியின் பக்கமிருந்து சொன்னால் பிரிவு, இழையின் பக்கமிருந்து சொன்னால் சிக்கு.

தமிழிலும் இப்படிப்பட்ட சொற்கள் நிறைய இருக்கின்றன. முடி என்றால் கட்டுவது, முடி என்றால் நிறைவு செய்வது, முடி என்றால் தலைமயிர், முடி என்றால் அரசன் தலையில் இருப்பது. முடிச்சு, முடிவு இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அவிழ் என்பது இன்னும் அழகு. கட்டு அவிழ்கிறது, மொட்டும் அவிழ்கிறது, வெந்து மலர்ந்த சோற்றுப் பருக்கைக்கும் அவிழ் என்றே பெயர். வேட்டி முனையிலும் சேலை முந்தியிலும் காசு முடிந்து வைத்த காலத்தில் திருடனுக்கு முடிச்சவிழ்க்கி என்று பெயர் வந்தது. பணப்பையும் சட்டைப்பையும் வந்த பிறகும் வசைச்சொல்லாக அது நிற்கிறது.

இப்போது மொழிபெயர்ப்புக்கு வருவோம். ‘டேங்கிள்’ என்ற சொல் ஒரு கதையிலோ செய்தியிலோ வந்தால் மொழிபெயர்ப்பவர் கை நேராகச் ‘சிக்கல்’ என்ற சொல்லுக்குப் போகிறது. பாதி இடங்களில் அது பொருந்தாது. தீபாவளிக்கு முந்தின வாரம் திருச்சி என்.எஸ்.பி. சாலையில் நகர முடியாமல் நிற்கும் கூட்டத்தை ஆங்கிலக்காரர் ‘டேங்கிள்’ என்று எழுதலாம். தமிழில் அது நெரிசல். காவிரிக்கரையில் ஆள் நுழைய முடியாமல் மண்டிக் கிடக்கும் செடிகொடிகள் புதர். மலைக்கோட்டை அடிவாரத்துச் சந்துகள் ஒன்றில் ஒன்று புகுந்து போவது பின்னல். எண்ணெய் காணாத தலைமுடியில் விழுவது சிக்கு, சிடுக்கு, சிணுக்கு. அது முற்றிப்போனால் சடை. இத்தனைக்கும் ‘சிக்கல்’ என்று ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் கண்ணில் எதுவும் தெரியாது.

சிணுக்கு என்றதும் சிணுக்குவாரி நினைவுக்கு வர வேண்டும். சிக்கெடுக்கவும் வகிடு பிரிக்கவும் கொண்டைக்காரப் பெண்கள் வைத்திருந்த, நுனி கூர்த்த கோல் அது. சிணுக்கோலி என்றும் சொல்வார்கள். சிக்கெடுக்கத் தெரிந்த பாட்டிமார் உச்சியிலிருந்து வாரமாட்டார்கள். முடியை நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியில் இரண்டு விரற்கடை வாரி, அது பிரிந்த பிறகு கொஞ்சம் மேலே ஏறி, பிறகு இன்னும் மேலே போவார்கள். மேலிருந்து வாரினால் எல்லாச் சிடுக்கும் கீழே ஓரிடத்தில் சேர்ந்து இறுகிவிடும். நடுவில் பிடிப்பது எதற்கென்றால், இழுப்பு மயிர்க்காலுக்குப் போகாமல் கையோடு நின்றுவிட வேண்டும் என்பதற்காக. குழந்தை அழாது.

நெசவாளரிடம் இந்தச் சொற்கள் வேறு நுட்பம் பெறுகின்றன. திருச்சிக்குள்ளேயே இருக்கிறது உறையூர், சோழரின் பழைய தலைநகர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்ரேயக் கடல் பயணம்’ என்ற கிரேக்க நூல் அர்கரு என்று குறிப்பிடும் ஊர் உறையூர்தான் என்பது அறிஞர் பலர் கருத்து. அந்த ஊர்ப் பெயரிலேயே மெல்லிய பருத்தித் துணி கடல் கடந்து போயிற்று. கைத்தறிக்காரர் வீட்டில் நூல் சிட்டமாக வரும். சிட்டத்தைப் பிரித்து ராட்டையில் சுற்றுவார்கள், பாவு ஓடுவார்கள், தெருவில் நீளமாக விரித்துக் கஞ்சி போடுவார்கள், ஊடைக்குத் தார் சுற்றுவார்கள். இந்த வேலைகளில் பாதி, நெய்வதற்காகச் செய்வதல்ல. நூலைச் சிக்கு விழாமல் காப்பதற்காகச் செய்வது. ஒரு பாவு தறியில் தீரும்போது அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அதற்கு அவர்கள் சொல்வது பிணைப்பது. கோத்துக்கொண்டது சிக்கு, கோத்தது பிணைப்பு. ஒரு துணைவினைதான் வேறுபாடு, ஆனால் ஒரு நாள் கூலி அந்தத் துணைவினைக்குள் இருக்கிறது.

செய்தித்தாள் தமிழில் ‘சிக்கல்’ எல்லாவற்றையும் விழுங்கிவருவது வருத்தத்துக்குரியது. நிதிச் சிக்கல், தொழில்நுட்பச் சிக்கல், குடும்பச் சிக்கல், தொகுதிப் பங்கீட்டில் சிக்கல். பணம் போதாவிட்டால் அது தட்டுப்பாடு, வண்டி நின்றால் பழுது, இருவர் முறைத்துக்கொண்டால் தகராறு. அவிழ்க்க முனை தெரியாத இடத்துக்கு மட்டும்தான் சிக்கல் பொருந்தும். மக்கள் பேச்சில் இந்த எல்லை இன்னும் கலையவில்லை. முனையே தெரியாமல் போனதற்கு இடியாப்பச் சிக்கல் என்கிறார்கள். நாழிக்குள்ளிருந்து பிழியும்போது ஒவ்வோர் இழையும் நேராகத்தான் இறங்குகிறது. தட்டில் விழுந்ததும் எது எங்கே தொடங்கியது என்று பிரம்மனாலும் சொல்ல முடியாது. ஆங்கிலத்துக்குக் கடற்பாசி எப்படியோ, தமிழுக்கு இடியாப்பம் அப்படி.

ஆனால் தமிழ்ச் ‘சிக்கு’க்கு ஆங்கிலச் சொல்லிடம் இல்லாத மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அதுதான் இந்தப் பேச்சின் உயிர். சிக்குதல் என்பது பின்னிக்கொள்வது மட்டுமல்ல, அகப்படுவதும் அசையாமல் நிற்பதும்கூட. வலையில் மீன் சிக்கியது என்றால் மீனுக்கு அழிவு, மீனவர் வீட்டுக்கு அன்றைய சோறு. மலச்சிக்கல் என்ற சொல்லில் பின்னல் எதுவுமில்லை, நகராமை மட்டும் இருக்கிறது. நாகப்பட்டினத்துக்கு அருகே சிக்கல் என்று ஓர் ஊர், சிங்காரவேலர் கோயிலுக்குப் பெயர்போனது. வசிட்டர் வெண்ணெயால் லிங்கம் பிடித்து வழிபட்டு, பின்னர் அதை எடுக்க முயன்றபோது அது அசையாமல் சிக்கிக்கொண்டதால் அந்தப் பெயர் என்று தலபுராணம் சொல்கிறது. மாணிக்கவாசகர் திருவாசகத்தின் பிடித்த பத்தில் இறைவனைப் பற்றிக்கொண்ட உறுதியைச் சொல்ல எடுத்த சொல் ‘சிக்கென’ என்பது. தொல்லையைச் சொல்லும் அதே வேர், பக்தியின் பிடிப்பையும் சொல்லத் தயங்கவில்லை.

திருவரங்கத்துப் பழைய வீடுகளில் சிக்குப்பலகை இருக்கும். இராமாயணமோ பிரபந்தமோ வைத்துப் படிக்கும் பலகை. ஒரே மரத்துண்டைப் பிளந்து, நடுவில் விரல்கள் கோத்ததுபோல் பற்கள் வெட்டியிருப்பார்கள். மடித்தால் தட்டைப் பலகை, விரித்தால் பெருக்கல் குறிபோல் நிற்கும். ஆணி இல்லை, பசை இல்லை. இரண்டு பாதியும் ஒன்றில் ஒன்று சிக்கியிருப்பதால்தான் அது நிற்கிறது. பிரித்தெடுக்க வேண்டும் என்று நினைத்தால் உடைக்கத்தான் வேண்டும். இந்தச் சிக்கை ‘டேங்கிள்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார்.

மார்கழி பிறந்துவிட்டால் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் இதற்கு இன்னும் பெரிய சான்று வாசலுக்கு வாசல் கிடக்கும். தண்ணீர் தெளித்துப் பெருக்கின தரையில் புள்ளி வைக்கிறாள் ஒரு பெண். நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்பது கை போகிற போக்கிலேயே தெரிந்துவிடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு இழையாக இறங்குகிறது. அந்த இழை எந்தப் புள்ளியையும் தொடக் கூடாது, எந்தப் புள்ளியையும் விட்டுவிடவும் கூடாது. ஒவ்வொன்றையும் வளைத்துக்கொண்டு, தான் போட்ட கோட்டைத் தானே குறுக்கே கடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். நெளிக்கோலம், கம்பிக்கோலம் என்றும் சொல்வதுண்டு. பரவலான பெயர் சிக்குக்கோலம்.

நன்றாக விளங்கிச் செய்த ஒழுங்குக்குச் சிக்கு என்று பெயர் வைத்திருக்கிறது இந்த மொழி. போட்டவளுக்கு முனை தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரு குறுக்குச் சந்தியில் நேரே போவதற்குப் பதிலாக வளைந்து திரும்பிவிட்டால், ஒரே இழையாக வர வேண்டிய கோலம் இரண்டு இழையாகப் பிரிந்துபோகலாம். அதைக் கடைசிப் புள்ளிக்கு வரும்வரை கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். கைதான் முதலில் உணர்கிறது.

இந்தக் கை அறிவை முதன்முதலில் கணிதமாக எடுத்துக்கொண்டவர்களில் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி முக்கியமானவர். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974-இல் கோலங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, சொற்களுக்கு இலக்கணம் இருப்பதுபோலப் படங்களுக்கும் இலக்கணம் எழுத முடியும் என்று காட்டியது. சிறிய தொடக்க உருவமும் சில விதிகளும் இருந்தால் ஒரு கோலக் குடும்பமே விரிந்துகொண்டு போகும். 2002-இல் மார்சியா ஆஷர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் ‘அமெரிக்கன் சயின்டிஸ்ட்’ இதழில் கோல மரபைப் பற்றி எழுதினார். கணினியியல் படிப்பவர்களுக்கு வாசல் தெளித்த பெண்களின் வேலை பாடமாகிவிட்டது.

தானாக விழும் சிக்கையும் விஞ்ஞானம் விடவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர், ஒரு நூலைப் பெட்டிக்குள் போட்டுப் பெட்டியைச் சுழற்றினார்கள். மொத்தம் 3,415 முறை. 2007-இல் முடிவு வெளிவந்தது. நூல் 46 செ.மீ.க்குக் குறைவாக இருந்தபோது முடிச்சே விழவில்லை. நீளம் கூடக் கூடச் சில நொடிகளிலேயே முடிச்சு விழுந்தது. 120 வெவ்வேறு வகை முடிச்சுகளைப் பிரித்து எண்ணினார்கள். சட்டைப்பையில் போட்ட காதொலி வயர் ஏன் ஒவ்வொரு முறையும் சிக்குகிறது என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு இதுவே பதில். பூ கட்டும் அம்மாள் நாரை முன்கூட்டியே முழு நீளத்துக்குக் கிழித்துக் குவிக்காமல், வேண்டும்போது வேண்டிய அளவு கிழிப்பதற்கும் இதே காரணம் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், அறிவியலைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு.

கணிதத்தில் ‘காம்ப்ளெக்ஸ்’ எண்ணுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் கலப்பெண் என்கிறது, இலங்கைத் தமிழ்ப் பாடநூல் சிக்கலெண் என்கிறது. அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குச் சேர்த்துப் பின்னுவது என்று பொருள். ஒரு மெய்ப்பகுதியும் ஒரு கற்பனைப் பகுதியும் சேர்ந்தது அந்த எண், அவிழ்க்க முடியாதது அல்ல. கலப்பெண்ணே பொருந்துகிறது. சிக்கலெண் என்று கேட்ட மாணவன் கணக்கைப் போடும் முன்பே பயந்துவிடுவான்.

இதைவிட அவசரமான சொல் ஒன்று வந்திருக்கிறது, குவாண்டம் ‘என்டேங்கிள்மென்ட்’. 1935-இல் எர்வின் ஷ்ரோடிங்கர் உருவாக்கிய கலைச்சொல். ஆங்கிலத்தில் அவர் எழுதியபோது ‘டேங்கிள்’ குடும்பத்துச் சொல்லை எடுத்தார். அதே ஆண்டு ஜெர்மனில் எழுதியபோது எடுத்த சொல்லோ, கைகளைக் குறுக்கே கோத்துக்கொள்வதைக் குறிப்பது. பாசியின் குழப்பம் அதில் கிடையாது. பிணைந்த ஒளித்துகள்களைக் கொண்டு செய்த சோதனைகளுக்காக 2022-இல் ஆலென் அஸ்பே, ஜான் கிளாசர், அன்டன் சைலிங்கர் மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. திருவரங்கம் இருக்கும் இதே காவிரித் தீவில் உள்ள திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி.வி. ராமன் ஒளியைப் படித்தே 1930-இல் அதே பரிசைப் பெற்றவர். இந்த மண்ணில் நின்று அந்தச் சொல்லுக்கு ஒரு நல்ல தமிழ் தேடுவது பொருத்தம்.

சிக்கல் என்றால் பிழை நேர்ந்ததுபோல் ஒலிக்கிறது. பின்னல் என்றால் மூன்று கால்களும் தனித்தனியே இருக்கின்றன, அவிழ்த்தால் பழையபடி மூன்று. இங்கோ இரண்டு துகள்களுக்கும் சேர்த்துத்தான் ஒரு நிலை உண்டு, தனித்தனியே முழுமையாகச் சொல்ல முடியாது. பிணைப்பு என்ற சொல்லை வேதியியல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

பிணையல் என்று ஒரு சொல் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடலுக்கான கைகளைச் சொல்லும் இடத்தில் வருகிறது. பிண்டி என்பது ஒற்றைக்கை, பிணையல் என்பது இரட்டைக்கை. ஒரு கையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பாதிப் பிணையல் அல்ல, வேறொரு முத்திரை. ஷ்ரோடிங்கரின் ஜெர்மன் சொல் நினைத்ததும் குறுக்கே சேர்ந்த இரு கைகளைத்தான்.

கொள்ளிடக்கரைக் களத்துமேடுகளில் நெல்தாள் மிதிக்க மாடுகளைக் கழுத்தோடு கழுத்து சேர்த்துக் கட்டி வட்டமாக ஓட்டுவார்கள். அதற்கும் பிணையல் என்று பெயர். நடுவில் நிற்கும் மாடு நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பும், ஓரத்து மாடு பெரிய வட்டம் போடும். ஒன்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்தால் மற்றொன்றைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். துகள்களுக்கு நடுவில் அப்படிக் கயிறு கிடையாது, உவமை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. வகுப்பில் ஆசிரியர் அதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாம்.

பழைய நூல்களில் பிணையலுக்கு இன்னொரு பொருளும் உண்டு, பூமாலை. சாத்தார வீதி அம்மாள் இப்போது நார்ச் சிக்கை நுனியிலிருந்து பிரித்து முடித்திருப்பார். மடியில் மொட்டு இன்னும் பாதிக் கூடை இருக்கிறது.